பின்கட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பி,

வால்பாறையில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்கள் எல்லாரும் போர்டிகோவையும் கணப்படுப்பையும்தான் படம் எடுப்பார்கள். நீ நேரே பின்கட்டுக்குப் போ.

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளைக் கல்லூரியில் படித்திருப்பாய். முகப்பு, தூண், பெரிய கூடம் என்று வகுப்பு முடிந்திருக்கும். அந்த வீடுகளை ஓட்டியது பின்பக்கத்து மாடிப்படியும் அடுக்களையும்தான். எசமான் கண்ணில் படாமல் வேலையாட்கள் வந்துபோகத் தனி வழியே வைத்துக் கட்டினார்கள். நம் மலைக்கு வந்த துரைமார்களும் அந்தக் கணக்கை விடவில்லை. சமையல்கட்டைத் தள்ளிப் போட்டு, நடுவில் கூரை வேய்ந்த நடை விட்டு, அதற்கும் அப்பால் ஆட்களுக்குக் குடியிருப்பு வைத்தார்கள். நம் தொட்டிக்கட்டு வீட்டிலும் ஆசாரம் என்கிற கூடத்துக்கு வரலாமா, திண்ணையோடு நிற்கணுமா என்பது ஆளைப் பொறுத்ததாகத்தானே இருந்தது? அதனால் துரையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

பிறகு சுவரைத் தட்டிப் பார். காரை விட்டுப்போன இடத்தில் பொத்தென்று சத்தம் வரும். சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியும் என்பார் மேஸ்திரி. சம்மதிக்காதே. சுண்ணாம்பு உறிஞ்சிய ஈரத்தைத் திரும்ப வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைத்துச் செங்கல்லை அரிக்கும். தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. தை பிறந்ததும் பூச்சைத் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழைக்கு முன் இறுகிவிடும். அதற்கும் முன்னால் ஓட்டுக் கூரையின் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்துச் சரிசெய். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

நேரம் கிடைத்தால் கோத்தகிரி கண்ணேரிமுக்குக்குப் போய் வா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு அங்கே இருக்கிறது. பாழடைந்து கிடந்ததை மீட்டு நினைவகமாக்கியிருக்கிறார்கள். ஊட்டியில் அவர் 1822இல் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி. என்னைக் கேட்டால், ஆள் நடமாட்டம் உள்ள வீடுதான் பிழைக்கும்.

உன் முதலாளி பின்கட்டை இடித்து கார் நிறுத்த இடம் கேட்பார். முடிந்தவரை மறுத்துப் பேசு. கேட்கவில்லை என்றால், கடப்பாரை படுமுன் ஒவ்வோர் அறையையும் அளந்து வரைந்துவிடு. அந்த வரைபடத்தில் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு.