மீன் தொட்டியின் கல் வடிகட்டியைக் கீரைத் தொட்டியாக மாற்றலாம்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூர்ப் பகுதி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. கோடையில் கிணற்று நீரை அளந்து செலவிட வேண்டும். இத்தகைய இடத்தில் புறக்கடையில் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்ப்போர், வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றுவது கட்டுப்படியாகாது. கல் வடிகட்டியைப் படிப்படியாகக் கீரைத் தொட்டியாக மாற்றினால் இந்தச் செலவைக் குறைக்கலாம்.

கல் வடிகட்டி செய்யும் வேலை

மீனின் கழிவில் அம்மோனியா உண்டு. இது மீனுக்கு நஞ்சு. கூழாங்கல் நிரப்பிய பீப்பாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, கல்லில் படிந்துள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது தொட்டியிலேயே தங்கிப் பெருகும்.

1,000 லிட்டர் தொட்டிக்குத் தினமும் 100 கிராம் தீவனம் இடுவதாகக் கொள்வோம். அதில் 32 சதவீதம் புரதம் இருந்தால் தழைச்சத்து சுமார் 5 கிராம். மீனின் உடலில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மீதியெல்லாம் நைட்ரேட்டாக மாறினால் லிட்டருக்குத் தினம் 15 மில்லிகிராம் கூடும். ஒரே வாரத்தில் 100 மில்லிகிராம் ஆகிவிடும். கல் எத்தனை இருந்தாலும் இது குறையாது. ஆனால் செடிக்கு இதுவே உரம்.

கடலில் கண்ட வழி

கடல்மீன் காட்சித் தொட்டிகளில் கல் வடிகட்டியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கடற்பாசி வளர்க்கும் முறை உண்டு. மீன் நுழையாத அந்த அறையில் சிறு நீர்ப்பூச்சிகள் பெருகி மீனுக்கு உணவாவதால் அதைப் புகலிடத் தொட்டி என்பர். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், கடல்விரால் கூண்டுகளின் அருகே கடற்பாசி மிதவைகளைக் கட்டி, மீன் கழிவைப் பாசிக்கு உரமாக்கும் முறையைப் பரப்பியது. நன்னீர்த் தொட்டிக்குக் கடற்பாசி ஆகாது, வள்ளைக்கீரை ஏற்றது. அசோலா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே இவ்வேலைக்கு அது அவ்வளவாக உதவாது.

மாற்றும் முறை

* தினம் 100 கிராம் தீவனத்துக்கு 2 சதுர மீட்டர், அதாவது 7 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள கீரைத் தொட்டி போதும். ஆழம் ஓரடி. நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும்.
* முக்கால் அடி நீர் நின்றாலே சுமார் 450 கிலோ எடை இருக்கும். எனவே உறுதியான செங்கல் மேடை தேவை. மீன் தொட்டியைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் தானே திரும்பும்.
* வெளியேறும் குழாயை முக்கால் அடி உயரத்தில் வைத்து வலை கட்டவும். மின்சாரம் நின்றாலும் கீரைத் தொட்டியில் நீர் நிற்கும்.
* பம்பை மீன் தொட்டியின் அடியில் வைக்காமல் பாதி உயரத்தில் தொங்கவிடவும். குழாயை இலை அடைத்துக்கொண்டாலும் மீனுக்குப் பாதித் தண்ணீராவது மிஞ்சும்.
* அரையடித் தண்டுகளை நட்டு, வேர் பிடித்துத் தழைத்த பின்னரே கல்லில் கை வைக்க வேண்டும்.

அவசரம் கூடாது

கற்களை ஒரே நாளில் அள்ளிவிட்டால் நுண்ணுயிர்களும் உடன் போகும். அம்மோனியா ஏறி மீன்கள் மடியும். வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் இதன் நஞ்சு இன்னும் கடுமையாகும். ஆகவே இரு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்குக் கல்லை எடுத்து, கழுவாமல், உலரவிடாமல், கீரைத் தொட்டியில் தண்ணீர் விழும் முனையில் பரப்பவும். ஒவ்வொரு முறையும் மறு கால் பங்கை எடுக்குமுன் அம்மோனியாவைச் சோதிக்கவும். அது காணப்பட்டால் நிறுத்தித் தீவனத்தைக் குறைக்கவும். இரவில் செடிகளும் பிராணவாயுவைச் செலவிடும் என்பதால் காற்றூதி ஓடவேண்டும்.

அறுவடையே வடிகட்டல்

கீரையை அறுத்து வெளியே எடுத்தால்தான் தழைச்சத்து தொட்டியை விட்டுப் போகும். முற்றி அழுகவிட்டால் அத்தனையும் நீருக்கே திரும்பும். தழைத்தபின் 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். வேகவைத்தே உண்ணவேண்டும். மீனுக்கு மருந்திட்ட தொட்டிக் கீரையை உண்ணலாகாது.

கீரைத் தொட்டியிலிருந்து கோடையில் தினம் 10 முதல் 15 லிட்டர் ஆவியாகும். வாரம் 100 லிட்டர் அளவுக்கு ஈடு செய்தால் போதும். முன்பு மாற்றியதோ 500 லிட்டர். ஈடு செய்யும் நீரின் உப்பு தொட்டியில் சேரும் என்பதால், மாதம் ஒருமுறை சிறிது நீரை இறைத்து மல்லிகைக்கோ எலுமிச்சைக்கோ பாய்ச்சலாம். கிணற்று நீர் உவர்ப்பாக இருப்போர், முதலில் நீரைப் பரிசோதித்த பிறகு இம்முறையைத் தொடங்குவது நல்லது.