ஓர் உறையில் இரு வாள்

“ஓர் உறையில் இரண்டு வாள் இருக்குமா?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். கோவில்பட்டியில் எங்கள் ஆச்சி இதைச் சொல்லாத நாளே இல்லை. வாளுக்கு அது பொருந்தலாம்; கணினிக்குப் பொருந்தாது. டில்லியில் என் விடுதி அறை மேசைமேல் இருக்கும் கணினியில் விண்டோசும் லினக்சும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று உறங்கும். அவை இரண்டுக்கும் சண்டையே இல்லை. சண்டை வந்ததெல்லாம் எனக்கும் என் அவசரத்துக்கும் இடையேதான்.

இவ்வாறு இரண்டு இயங்குதளங்களை ஒரு கணினியில் அமைத்து, வேண்டும்போது வேண்டியதை எழுப்பிக்கொள்வதை ‘டூயல் பூட்’ என்பர். சங்கத்து நண்பர் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டதுண்டு. செய்முறையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி சொன்னவனாவேன். நான் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமை பெறும்.

ஏன் இரண்டு?

நான் இயற்பியல் முதுகலை இறுதியாண்டு மாணவன். மென்படலங்களை ஆராய்வது என் திட்டப்பணி. எங்கள் எக்ஸ்-கதிர்க் கருவி தரும் அளவீடுகளைப் பிரித்தறியும் மென்பொருள் விண்டோசில் மட்டுமே இயங்கும். அதே பொருளின் மின்னணு அமைப்பைக் கணக்கிடும் ‘குவாண்டம் எஸ்பிரெசோ’ என்னும் கட்டற்ற மென்பொருளோ லினக்சில்தான் இயல்பாக ஓடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியுமா? இரண்டும் வேண்டியிருந்தது.

லினக்சைக் கற்பது வீண் உழைப்பு என்று எவரும் எண்ண வேண்டா. 2017 நவம்பர் முதல் உலகின் முன்னணி 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்சில் இயங்குபவையே. விண்டோஸ் 10-க்குத் தரப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருக்கும் மாணவருக்கு லினக்ஸ் நல்ல அடைக்கலம். எங்கள் அண்ணன் பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினியிலேயே இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. ஆனால் லினக்சை எங்கள் வீட்டில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை! அந்தக் கடனை இப்போது நான் தீர்க்கிறேன்.

கணினியைக் கட்டிய கதை

உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தோடு நேரு பிளேசுக்குச் சென்றேன். தாய்ப்பலகை, செயலி, 16 ஜிபி நினைவகம், 500 ஜிபி எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் ஆகியவற்றை வாங்கி வந்தேன். முன்பே என்னிடம் இருந்த 1 டிபி வன்தட்டையும் சேர்த்துக்கொண்டேன். முடுக்குவதும் பொருத்துவதும் ஒரு மாலை வேலை. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். டில்லியின் குளிர்காலத்தில் கம்பளி அணிய வேண்டியிருக்கும். கம்பளிச் சட்டை அணிந்த கையில் நிலைமின்னூட்டம் தங்கும். நினைவகத்தைத் தொடும் முன் உலோகப் பெட்டியைத் தொட்டு அதை இறக்கிவிடுங்கள். கம்பளியைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. சற்று நடுங்கினாலும் பலகை பிழைக்கும்.

எழுப்புவது யார்?

மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது விண்டோசும் அன்று, லினக்சும் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ‘யூஇஎஃப்ஐ’ என்னும் சிறு நிரலே முதலில் விழிக்கிறது. விடுதிக் காவலர் போன்றது அது. யாரை எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் அதனிடம் உண்டு. பட்டியலில் உள்ளவரின் எழுப்பு நிரல், தட்டில் ‘ஈஎஸ்பி’ என்னும் சிறிய பகுதியில் இருக்கிறது. விண்டோசுக்கு ஒரு நிரல், லினக்சுக்கு ‘கிரப்’ என்னும் நிரல். கிரப் நம்மிடம் “எதை எழுப்பட்டும்?” என்று கேட்டுவிட்டு அதன்படி செய்யும்.

இனித் தட்டைப் பாருங்கள். அதை ஒரு நிலமாகக் கொள்வோம். பார்ட்டிஷன்கள் வரப்புகள். எந்த வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துவைக்கும் பதிவேடும் தட்டிலேயே உண்டு. ‘எம்பிஆர்’ என்னும் பழைய முறையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கே இடம். ஏறத்தாழ 2 டிபிக்கு மேற்பட்ட தட்டை அது முழுதும் அளக்காது. இன்றைய ‘ஜிபிடி’ முறையில் வழக்கமாக 128 பகுதிகள் வரை வகுக்கலாம். மேலும், பதிவேட்டின் ஒரு படி தட்டின் தொடக்கத்திலும் மற்றொரு படி முடிவிலும் இருக்கும். முன்னது கெட்டாலும் பின்னதைக் கொண்டு வரப்பைக் கண்டறியலாம். ஆனால் வரப்பைக் கண்டறிவது வேறு. விளைந்த பயிரை மீட்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் கற்ற விதம்தான் இக்கட்டுரையின் உயிர்.

நான் செய்த பிழை

எஸ்எஸ்டியில் இரண்டு தளங்களையும் செவ்வனே அமைத்துவிட்டேன். பதினொரு வார அளவீடுகள் பழைய வன்தட்டில் இருந்தன. கருவியோடு இணைந்த கணினியில் பழைய கோப்புகள் அவ்வப்போது துடைக்கப்பட்டுவிடும். ஆகவே என்னிடம் இருந்ததே ஒரே படி.

என் வெற்றியைக் கண்ட நண்பர் ஒருவர் தமக்கும் ஒரு பென் டிரைவில் லினக்சை ஏற்றித் தரும்படி கேட்டார். முந்தின நாள் அதே வேலையைச் செய்திருந்தேன். லினக்ஸ் தட்டுகளுக்கு ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று வரிசையாகப் பெயரிடும். முந்தின நாள் வன்தட்டு எஸ்டிஏ. பென் டிரைவ் எஸ்டிபி. மறுநாள் பென் டிரைவைச் செருகியபடியே கணினியை எழுப்பினேன். பெயர்கள் இடம் மாறிவிட்டன. அதை நான் பார்க்கவில்லை. விசைப்பலகையில் மேல்நோக்கிய அம்பை ஒருமுறை அழுத்தினேன். நேற்றைய கட்டளை அப்படியே வந்தது. ‘என்டர்’ தட்டினேன்.

முன்பு பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்த வேலை அன்று ஒரே நிமிடத்தில் முடிந்தது. “அடடா, என்ன வேகம்!” என்று மகிழ்ந்தேன். பென் டிரைவின் விளக்கு ஒருமுறைகூட மினுங்கவில்லை என்பதை அதன்பிறகே கண்டேன். எழுதப்பட்டது பென் டிரைவில் அன்று. ஏறத்தாழ 6 ஜிபி, என் வன்தட்டின் முகப்பில் எழுதப்பட்டுவிட்டது. வரப்புப் பதிவேட்டின் முதற்படி போயிற்று. கோப்புகளின் பெயரும் இடமும் குறித்த அட்டவணையும் அந்த முகப்பிலேயே இருந்தது, அதுவும் போயிற்று. அன்றிரவு உணவு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: உடனே கணினியை அணைத்துவிட்டேன். இழந்த தட்டில் மேலும் எழுத எழுத மீட்சி அரிதாகும். துறையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் உதவினார். ‘ஃபோட்டோரெக்’ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, தட்டை ஓரம்முதல் ஓரம்வரை துழாவி, கிடைத்ததை வேறொரு தட்டில் சேர்த்தோம். மீட்ட கோப்பை அதே தட்டில் எழுதலாகாது என்பதை நினைவில் வையுங்கள்.

கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயரில்லை. எண்கள் வந்தன, எந்த மாதிரிப் பொருளின் எண்கள், எந்த நாளில் எடுத்தவை என்பது வரவில்லை. பெயரற்ற எண்ணை வைத்துக்கொண்டு அறிவியல் மாணவன் என்ன செய்வான்?

என்னைக் காத்தது கணினி அன்று, காகிதம். ஆய்வகக் கையேட்டில் நாள், மாதிரியின் எண், முதல் மூன்று அளவீடுகள் ஆகியவற்றைக் கையால் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு கோப்பின் முதல் வரிகளோடு ஒப்பிட்டு, ஐந்து இரவுகளில் 40 கோப்புகளில் 31-க்குப் பெயர் சூட்டினேன். எஞ்சிய 9 மாதிரிகளையும் டிசம்பர்க் குளிரில் மீண்டும் அளந்தேன். பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “எத்தனை படி வைத்திருந்தாய்?” என்று மட்டும் கேட்டார். “ஒன்று” என்றேன். “அப்படியானால் ஒன்றுமே வைத்திருக்கவில்லை” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது.

பின்னர் ஒரு செய்தியைப் படித்துச் சற்றே ஆறுதல் அடைந்தேன். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்து லினக்சைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்சும் இதே பிழையைச் செய்தவர். அவருடைய கணினியில் அப்போது ‘மினிக்ஸ்’ என்னும் தளமும் இருந்தது. மோடத்தை அழைக்க அனுப்பிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பி, மினிக்ஸ் இருந்த பகுதியையே கெடுத்துக்கொண்டார். அதன்பின் மினிக்சுக்குத் திரும்பாமல் தம் லினக்சையே வளர்த்தார். அவர் பிழையில் ஓர் இயங்குதளம் வளர்ந்தது. என் பிழையில் இக்கட்டுரையாவது வளரட்டும்.

செய்யும் முறை

முதலாவது, படி எடுங்கள். வெளித்தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அதைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். திறந்து பாராத நகல் நகலாகாது.

இரண்டாவது, விண்டோசை முதலில் நிறுவுங்கள். லினக்சைப் பிறகு நிறுவுங்கள். பின்னால் வரும் விண்டோஸ் எழுப்பு வரிசையில் தன்னையே முன்னிறுத்திக்கொள்ளும். லினக்சின் கிரப் பின்னால் வந்தால் இரண்டையும் பட்டியலில் காட்டும்.

மூன்றாவது, விண்டோசில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதும் அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்நிலையில் அதன் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெடும். ‘பிட்லாக்கர்’ பூட்டு உள்ளதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுப்பும் முறையில் மாற்றம் கண்டால் அது சாவியைக் கேட்கும்; சாவி இல்லையேல் கதவு திறவாது.

நான்காவது, விண்டோஸ் பகுதியைச் சுருக்கி லினக்சுக்கு இடம் ஒதுக்குவதை விண்டோசின் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ கருவியைக் கொண்டே செய்யுங்கள். தன் வீட்டுச் சாமானைத் தானே ஒதுக்குவதுதான் முறை. 100 ஜிபி ஒதுக்கினால் மாணவருக்குத் தாராளம்.

ஐந்தாவது, கணினியைத் திறந்து, இந்த வேலையில் பங்கில்லாத தட்டுகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நாமே கட்டிய கணினியின் பெருமை இதில்தான் இருக்கிறது. இணைப்பில் இல்லாத தட்டை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது. நான் இதைச் செய்திருந்தால் ஐந்து இரவுகள் மிஞ்சியிருக்கும்.

ஆறாவது, நிறுவும்போது ‘ஈஎஸ்பி’ பகுதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை ‘ஃபார்மட்’ செய்யாதீர்கள். விண்டோசின் எழுப்பு நிரலும் அங்கேதான் இருக்கிறது. ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்னும் பெயர்களை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையைத் தட்டி, தட்டின் அளவையும் மாதிரிப் பெயரையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பின்னொரு நாள் விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டபின் கிரப் பட்டியல் காணாமற்போகலாம். அஞ்சற்க. பெரும்பாலும் லினக்ஸ் அழிந்திராது. காவலரின் வரிசைதான் மாறியிருக்கும். யூஇஎஃப்ஐ அமைப்பில் நுழைந்து வரிசையைத் திருத்தினால் போதும்.

ஐந்தரை மணி நேரப் புதிர்

இரண்டு தளங்களையும் அமைத்த மறுநாள் விண்டோசைத் திறந்தேன். காலை பத்து மணிக்கு அது நாலரை என்றது! கடிகாரம் கெட்டதோ என்று மயங்கினேன். காரணம் எளிது. தாய்ப்பலகையின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த ஐந்தரையே குறைந்து தெரிந்தது. லினக்சில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்னும் கட்டளையால், பலகைக் கடிகாரம் உள்ளூர் நேரத்தையே காட்டுவதாக அறிவித்துவிடலாம். இதைச் சிறிது என்று விட்டுவிடாதீர்கள். அளவீட்டுக் கோப்பின் நேரம் பிழைத்தால் கையேட்டோடு அது ஒத்துவராது. ஒத்துவந்ததால்தான் என் 31 கோப்புகளும் பிழைத்தன.

முடிவாக

ஓர் உறையில் இரு வாள் இருக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. உறையின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதை உடையவன் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே. தளங்களை நிறுவ ஒரு மணி நேரம் போதும். இழந்த எண்களுக்குப் பெயர் தேட ஐந்து இரவுகளும் போதவில்லை. இப்போது என் அளவீடுகள் மூன்று இடங்களில் உள்ளன: கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, விடுதிக்கு வெளியே துறைச் சேமிப்பகத்தில் ஒன்று. கையேடும் வழக்கம்போல் மேசைமேல் இருக்கிறது.

சங்க அன்பர் எவரேனும் இம்முயற்சியில் இறங்க விரும்பினால் ஞாயிறு மாலைகளில் என் அறைக்கு வரலாம். திருப்புளி என்னிடம் உண்டு; தேநீரும் தருவேன். நகல் எடுத்த தட்டை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள். அது இல்லாமல் வந்தால் தேநீரோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.