ஒரு குளம் போதும்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்குத் தருவது சிறு தொகைதான். ‘இதில் நீரை அளக்க ஒரு நல்ல மீட்டர்கூட வாங்க முடியாது, இதற்கு எதற்கு இத்தனை படிவம், இத்தனை கையெழுத்து?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுதான். உங்களுக்கு மீட்டர் வேண்டியதும் இல்லை.

உங்கள் புரபோசலின் தலைப்பைப் பார்த்தேன்: ‘திருநெல்வேலி மாவட்ட நீர்நிலைகளின் மாசு’. அம்மாடி! ஒரு அரசுத் துறை வருடக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில், இன்டர்னல் தேர்வுகளுக்கு நடுவே முடிகிற காரியமா? வீட்டருகே ஒரு குளம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரே கேள்வி: விடியுமுன் அந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு, பிற்பகல் 3 மணிக்கு எவ்வளவு?

பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரில் ஆக்சிஜனை விடும். இரவில் அதே பாசியும் மீனும் நுண்ணுயிரும் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்க்கும். அதனால் விடியலை ஒட்டித்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். சாக்கடை கலந்து பாசி மண்டிய குளத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது. விடிகாலையில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகல் 11 மணிக்குப் போய் ஒரு பாட்டில் நீர் மொண்டு வந்து எழுதப்படும் அறிக்கைகளில் இது சிக்காது. நீங்கள் பஸ் பிடிக்காமலே 5 மணிக்குக் கரையில் நிற்கலாம். எந்தப் பெரிய ஆய்வகத்துக்கும் இல்லாத வசதி அது.

அளக்கும் முறை, ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் சொன்னது. 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே விட்டுவிட வேண்டும். லேபுக்கு வந்து விட்டுக்கொள்ளலாம் என்றால் அளவு மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். பிறகு அமிலம், தயோசல்பேட், ஸ்டார்ச். நீலம் மறையும் சொட்டோடு நிறுத்த வேண்டும். டைட்ரேஷன் உங்களுக்குக் கைவந்ததுதானே. சாக்கடை நீருக்கு அசைடு சேர்த்த கரைசல் வேண்டியிருக்கும். அது விஷம், கைடு பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

கைடைப் பற்றி, ‘மேடம் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்’ என்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். எம்.ஐ.டி.யில் 1969-இல் மார்கரெட் மெக்விகர் தொடங்கிவைத்த திட்டத்தின் உயிரே, இளநிலை மாணவர்கள் ஆசிரியரின் ஆய்வுக்குள் போய் அவரோடு வேலை செய்வதுதான். கர்நாடகத்தில் 1977 முதல் மாணவர் திட்டங்களுக்குச் சிறுதொகை தருகிறார்கள்; அங்கும் ஒரு ஆசிரியர் துணை நிற்க வேண்டும். ஒரு நாள் உங்கள் எண்கள் தலைகீழாக வரும். விடியலில் கூடுதல், பிற்பகலில் குறைவு என்று காட்டும். பாட்டிலில் குமிழி இருந்ததா, தயோசல்பேட் பழசா, இல்லை குளத்தில்தான் ஏதோ நடந்ததா என்று கூட உட்கார்ந்து யோசிக்க ஓர் ஆள் வேண்டும். மேடத்திடம் படிவத்தை நீட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஆர்வம் தட்டவில்லை என்றால் துறையில் வேறு ஆசிரியரைப் பாருங்கள், தப்பில்லை.

புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம் என்று தோழிகள் சொல்கிறார்களாம். வைவாவில் இரண்டாவது கேள்விக்கே அது நாறிவிடும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பட்ஜெட்டில் ‘இதர செலவு’ என்று பெரிய தொகை போடாதீர்கள். ரசாயனம், பாட்டில், பிரிண்ட் என்று பிரித்து எழுதுங்கள். பணம் பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான் வரும், தாமதமாகவும் வரலாம். முதல் நாளிலிருந்தே பில்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பணம் கிடைக்காமல் போனாலும் குளத்தை விட்டுவிடாதீர்கள். மாங்கனஸ் சல்பேட்டும் தயோசல்பேட்டும் உங்கள் துறை அலமாரியில் அநேகமாக இருக்கும். பி.ஓ.டி. பாட்டில் இல்லையென்றால் விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்