எந்த உதை உங்களைக் காப்பாற்றும்?



புக்கிட் மெர்தாஜாமில் மாலை டியூஷன் முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். அப்படியொரு மாலையில், படிவம் 4 மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் இரண்டு நாளாக யாரோ பின்தொடர்வதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "டீச்சர், நான் தெக்குவாண்டோவில் நீலப் பட்டை. தலை உயரத்துக்கு உதைப்பேன். அது போதும்தானே?"

முதல் வேலையாக அவள் அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தேன். இப்போது அவர்தான் தினமும் வந்து அழைத்துப் போகிறார். ஆனால் அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே! பதில் உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது.

போட்டி வேறு, தெரு வேறு

தெக்குவாண்டோ 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. அதன் விதிப்படி, உடற்பகுதியில் படும் உதையைவிடத் தலையில் படும் உதைக்கு அதிகப் புள்ளி. இடுப்புக்குக் கீழே உதைத்தால் அது தவறு. ஆகவே வீரர்கள் உயர உதைகளையே அதிகம் பழகுகிறார்கள். மைதானத்தில் மெத்தை விரிப்பு இருக்கும், நடுவர் இருப்பார், எதிராளியும் உங்கள் எடைப்பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார். தெருவில் இவற்றில் ஒன்றும் இல்லை.

முதல் கணக்கு: நேரம்

ஓய்வில் இருக்கும் கால் சீரான முடுக்கத்துடன் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 50 மீட்டர். கணைக்காலை நோக்கிய தாழ்ந்த உதையில் பாதம் 0.5 மீட்டர் நகர்ந்தால் போதும். தலையை நோக்கிய சுழல் உதையில் அது ஏறத்தாழ 2 மீட்டர் வளைந்து செல்ல வேண்டும். s = ½at² என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். தாழ்ந்த உதைக்கு 0.14 வினாடி, உயர உதைக்கு 0.28 வினாடி.

கண்ணால் கண்டதும் கையைக் காலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 வினாடி தேவை. தாழ்ந்த உதை அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். உயர உதையோ, எதிராளி பார்த்து விலகவும் காலைப் பிடிக்கவும் நேரம் கொடுத்துவிடும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் உயர உதையின் இறுதி வேகம் இரு மடங்கு. இயக்க ஆற்றல் ½mv² என்பதால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு. பட்டால் பலமான அடிதான். படுமா என்பதே கேள்வி.

இரண்டாம் கணக்கு: சமநிலை

நாம் நிற்கும்போது புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு நம் பாதங்கள் அடக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். ஒரு காலைத் தூக்கினால் அந்தப் பரப்பு ஒற்றைப் பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். சிலாட்டில் முழங்காலை மடக்கித் தாழ நிற்கும் 'கூடா-கூடா' நிலையைக் கவனித்திருப்பீர்கள். பாதங்கள் அகன்றிருக்கும், புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். அதனால் சமநிலை கூடும்.

அடுத்து நியூட்டனின் மூன்றாம் விதி. நீங்கள் 500 நியூட்டன் விசையால் உதைத்தால் அதே 500 நியூட்டன் உங்களையும் பின்னால் தள்ளும். உதை 1.5 மீட்டர் உயரத்தில் பட்டால், நிற்கும் பாதத்தைப் பொறுத்த திருப்புத்திறன் 750 நியூட்டன் மீட்டர். 0.4 மீட்டர் உயரத்தில் பட்டால் 200 மட்டுமே. உயர உதைப்பவரை எதிராளி தள்ளவே வேண்டியதில்லை. அவர் உதையே அவரைத் தள்ளிவிடும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பள்ளி நாளில் நானும் தெக்குவாண்டோ பயின்றவள். ஒரு மழை நாளில், சிலிப்பர் போட்டுக்கொண்டு, கடைகளின் ஐந்தடியில் தோழிகளுக்கு ஓர் உயர உதை உதைத்துக் காட்டினேன். எதிரே யாருமே இல்லை. விழுந்தது நான்தான். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் எழுத முடியவில்லை. ஈரமான ஓடு பதித்த தரையில் உராய்வு குறைவு என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

மூன்றாம் கணக்கு: அழுத்தம்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. மலாய்ப் பாடநூலில் இது 'தெக்கானான்'. 1,000 நியூட்டன் விசை 100 சதுர செ.மீ. உள்ள முழுப் பாதத்தில் பரவினால் 1 லட்சம் பாஸ்கல். அதே விசை 20 சதுர செ.மீ. குதிகால் வழியாகப் போனால் 5 லட்சம் பாஸ்கல். குதிகால் உதை குத்துவதுபோல் வலிப்பது இதனால்தான்.

இலக்கும் முக்கியம். தொடையில் தடித்த தசை உண்டு. கணைக்காலின் முன்பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பு. அதை மூடியுள்ள சவ்வில் வலி உணரும் நரம்புகள் நிறைந்துள்ளன. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும்!

உங்கள் எலும்புக்கும் எல்லை உண்டு

2013 டிசம்பர் 28இல் லாஸ் வேகாஸில் யுஎப்சி போட்டி ஒன்றில் ஆண்டர்சன் சில்வா தம் கணைக்காலால் ஒரு தாழ்ந்த சுழல் உதை விட்டார். எதிராளி கிறிஸ் வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுத்தார். உடைந்தது சில்வாவின் காலெலும்பு. உலகப் புகழ்பெற்ற வீரருக்கே இந்த நிலை. உதை தாழ்ந்திருந்தால் மட்டும் போதாது, எந்தப் பகுதியால் உதைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சப்பாத்தின் அடிப்பாகமும் குதிகாலும் கணைக்காலைவிடப் பாதுகாப்பானவை.

அப்படியானால் எந்த உதை?

மூன்று கணக்குகளையும் சேர்த்தால் விடை இது: குதிகாலால், நேராக, எதிராளியின் கணைக்காலை நோக்கி விடும் குட்டையான உதை. பின்னாலிருந்து யாரேனும் கட்டிப்பிடித்தால், அவர் பாதத்தின் மேல் குதிகாலால் ஓங்கி மிதிக்கலாம். அங்கே உங்கள் உடல் எடையும் துணைக்கு வரும்.

பார்க்கப் பிரமாதமாக இருக்காது. சினிமாவில் யாரும் இப்படி உதைப்பதில்லை. ஆனால் இதன் நோக்கம் வெல்வதல்ல, பிடி தளரும் ஒரு கணத்தைப் பெறுவது. அந்தக் கணத்தில் கத்துங்கள், வெளிச்சமும் ஆட்களும் உள்ள கடைப்பக்கம் ஓடுங்கள், 999ஐ அழையுங்கள். கைப்பேசியையோ பணத்தையோ மட்டும் கேட்டால் கொடுத்துவிட்டு விலகுங்கள். அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது என்று 99ஆம் பிரிவு எல்லை வகுக்கிறது. விழுந்தவரை மீண்டும் உதைப்பது தற்காப்பு ஆகாது.

நீலப் பட்டை மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ நான் கற்றது வீணா, டீச்சர்?" என்றாள். இல்லை. சமநிலை, வேகம், பதற்றத்திலும் மூச்சை அடக்கும் பழக்கம் எல்லாம் அந்தப் பயிற்சி தந்தவை. எதை எங்கே பயன்படுத்துவது என்பதைத்தான் அறிவியல் சொல்கிறது. பயம் வந்த முதல் நாளே பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதை அவள் இப்போது எனக்கே நினைவூட்டுகிறாள்.

செய்து பாருங்கள்

நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடட்டும். கீழ்முனையில் விரல்களை வைத்துக் காத்திருந்து பிடியுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.17 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20, 30 செ.மீ. என்றால் 0.25.

சிந்தியுங்கள்

1. எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதே இவ்வளவு நேரம் ஆகிறது என்றால், எதிர்பாராத நேரத்தில் எவ்வளவு ஆகும்?

2. பள்ளிச் சப்பாத்து, சிலிப்பர் இரண்டில் எது ஈரத் தரையில் அதிக உராய்வு தரும்? பாதுகாப்பாகச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

எச்சரிக்கை: உதைகளை நண்பர்களின் காலில் சோதிக்காதீர்கள். பயிற்றுநர் முன்னிலையில், பயிற்சி மெத்தையில் மட்டுமே பழகுங்கள்.