சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா?

அலுவலகம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்றால் தயங்காமல் சைக்கிளை எடுங்கள். நிதானமாக மிதித்தாலும் அரை மணி நேரத்தில் போய்விடலாம். சென்னை வெயிலுக்கு எட்டு மணிக்கு முன்பே கிளம்புவது நல்லது. பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், சட்டை நனையாது.

முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிடுபவர்கள் பலருக்கு சீட் தாழ்வாக இருப்பதே காரணம். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கினால் சீட்டை உயர்த்துங்கள். பிறகு முன்பாதத்தால் மிதித்துப் பாருங்கள், மிதிப்பதே லேசாகிவிடும்.

வாரம் ஒருமுறை காற்று அடியுங்கள். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். செயினுக்கு ஆயில் விட்டதும் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழுதி அப்பிக்கொள்ளும்.

மழையில் ரிம் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள். நின்றிருக்கும் கார்களை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், கதவு திடீரென்று திறக்கலாம்.

கொஞ்சம் சுற்றானாலும் மரநிழல் உள்ள உள்தெருக்களில் போவதில்தான் சைக்கிளின் சுகமே இருக்கிறது. இருட்டிய பிறகு மட்டும், பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள்.