பாலும் மோல்ட்டும் நிறுத்திய பிறகு: ஓட்டிசப் பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?

2016 நவம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஒரு தகப்பன் ட்விட்டரில் வேண்டுகோள் ஒன்றைப் போட்டார். ஓட்டிசம் உள்ள அவருடைய மகன் சின்ன வயதிலிருந்தே, இரண்டு கைப்பிடி வைத்த ஒரு நீலக் கோப்பையில் மட்டும்தான் குடிப்பான். வேறு எதில் கொடுத்தாலும் தொடமாட்டான். உடலில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டியும் வந்திருக்கிறது. கையிலிருந்த கோப்பையோ தேய்ந்துகொண்டிருந்தது. அந்த மாதிரியை நிறுவனம் எப்போதோ நிறுத்திவிட்டது. செய்தி பரவியதும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் வீட்டில் கிடந்த பழைய கோப்பைகளை அனுப்பினார்கள். கடைசியில் டொமி டிப்பி நிறுவனம் பழைய அச்சைத் தேடியெடுத்து, அந்தப் பையனுக்காகவே 500 கோப்பைகள் செய்து கொடுத்தது.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க, பசிச்சா தானா குடிக்கும்" என்று இலங்கையின் மாத்தளையிலும் பெற்றோரிடம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் தாகமெடுத்தாலும் குடிப்பதில்லை. வாசனை, நிறம், சூடு, ஏடு, கோப்பையின் விளிம்பு என்று எதிலாவது சிறு மாற்றம் தெரிந்தால் போதும், வாய் மூடிக்கொள்ளும். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மற்றப் பிள்ளைகளைவிட இவர்களிடம் உணவுச் சிக்கல்கள் ஐந்து மடங்கு அதிகம் என்றும், கல்சியமும் புரதமும் குறைவாகவே உள்ளே போகின்றன என்றும் கண்டது. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணக்கிட்டது. குடிக்க இப்படி மறுக்கும் பிள்ளைக்குப் பாலும் கோதுமையும் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்துவிட்டால், காலைக் கோப்பையில் எதை ஊற்றுவது என்பதே வீட்டின் பெரிய கேள்வியாகிவிடும்.

1. கட்டுப்பாடு எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுதல்

பால் நிறுத்தியதற்குக் காரணம் என்ன? அதைப் பொறுத்துத்தான் மாற்றுப் பானமும் அமையும்.

பாலில் உள்ள சர்க்கரை செரிக்காத பிள்ளைக்குத் தயிர் ஒத்துக்கொள்ளக்கூடும். பால் புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது. "ஆட்டுப்பால் குடுங்க, ஒண்ணும் செய்யாது" என்ற பக்கத்து வீட்டு யோசனை அங்கே ஆபத்து. ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் மாட்டுப்பாலின் புரதத்துக்கு நெருங்கிய உறவு. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், இரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

"ஓட்டிசம் குறையும்" என்று யாரோ சொன்னதற்காக மட்டும் பாலையும் கோதுமையையும் நிறுத்தியிருந்தால், விஷயம் வேறு. ஓட்டிசத்தின் அடிப்படைக் குணங்களை மாற்ற இந்தப் பத்தியத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் (NICE) 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஓட்டிசம் உள்ள ஆண் பிள்ளைகளின் எலும்புகளை அளந்து அமெரிக்காவில் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பின் புறத்தடிப்பு பொதுவாகவே குறைந்திருந்தது. பால் நிறுத்திய பிள்ளைகளிடம் இன்னும் குறைந்திருந்தது. ஆகவே பத்தியத்தைத் தொடர்வதா விடுவதா என்பதை மருத்துவரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும்.

2. ஒரு வாரம் கொப்பியில் எழுதுதல்

புதிதாக எதையும் கொடுப்பதற்கு முன், இப்போது குடிப்பதை எழுதிவைக்க வேண்டும். வரிகள் இப்படி இருந்தால் போதும்:

காலை 7.00 – வெந்நீர் ஆறியது – பச்சைக் கோப்பை – அம்மா – 80 மி.லீ.
10.30 – தெம்பிலி – ஸ்ட்ரோ – அப்பாச்சி – 120 மி.லீ.
மாலை 4.00 – கொத்தமல்லித் தண்ணீர் – கண்ணாடிக் கிளாஸ் – தள்ளிவிட்டான்.

ஒரு வாரம் போனதும் ஏதாவது ஒரு ஒழுங்கு கண்ணில் படும். வெதுவெதுப்பாக இருந்தால் குடிக்கிறான், குளிர்ந்தால் இல்லை. உள்ளே இருப்பது தெரியாத கோப்பை என்றால் சரி, கண்ணாடி என்றால் இல்லை. அடுத்த பானத்தைத் தேடும்போது இந்த ஒழுங்கையே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அளவும் முக்கியம். 2, 3 வயதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.3 லீட்டர், 4 முதல் 8 வயதுவரை 1.6 லீட்டர் நீர் தேவை. இதில் சோறு, கறி, பழத்திலிருந்து கிடைப்பதும் அடக்கம். தம்புள்ளை, கலேவலை வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு, றத்தோட்டைக் குளிரில் இருக்கும் பிள்ளையைவிடக் கூடுதலாக வேண்டும்.

3. தண்ணீரில் தொடங்குதல்

மாத்தளை மாவட்டத்தில் தண்ணீருக்கே பல ருசி. நகரத்தில் குளோரின் வாசனையோடு குழாய்த் தண்ணீர், தோட்டங்களில் மலை ஊற்று, வில்கமுவைப் பக்கம் கடினத்தன்மை கூடிய கிணற்று நீர். சிறுநீரக நோய்ப் பயத்தால் அங்கே பலர் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பிள்ளைக்கு இது வேறு பானம்.

வீடு மாறினாலோ ஃபில்டர் வாங்கினாலோ, பழைய தண்ணீரும் பாதுகாப்பானதாக இருந்தால், அதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சில வாரங்களில் மாற்றலாம். குளோரின் வாசனைதான் தடை என்றால், கொதிக்கவைத்துத் திறந்த பாத்திரத்தில் ஆறவிட்டால் அது குறையும். கொதிக்கவைக்கும் கேத்தலையும் மாற்றாமல் ஒன்றையே வைத்திருப்பது நல்லது.

4. எந்தப் பானம் எதற்கு என்று பிரித்தல்

பால் என்பது நீர், புரதம், கொழுப்பு, கல்சியம் எல்லாம் ஒரே கோப்பையில். அதை எடுத்துவிட்டு இன்னொரு ஒற்றைப் பானத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வேலையைப் பல பானங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

*தெம்பிலி, இளநீர்:* நீருக்கும் பொட்டாசியத்துக்கும் நல்லது. கல்சியம் மிகக் குறைவு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

*தேங்காய்ப்பால்:* மெலிந்த பிள்ளைக்குச் சக்தி தரும். ஆனால் அது கொழுப்பிலிருந்து வரும் சக்தி. வெள்ளையாக இருப்பதால் மட்டும் அது மாட்டுப்பாலுக்கு ஈடாகிவிடாது.

*சோயாப்பால்:* புரதத்தில் மாட்டுப்பாலுக்குக் கிட்ட வரும். கல்சியம் சேர்த்தது என்று லேபலில் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சேர்த்த கல்சியம் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் பெட்டியை நன்றாகக் குலுக்கியே ஊற்ற வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது ஆகாது.

*குரக்கன் கஞ்சி:* 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. ஒரு கோப்பைக் கஞ்சிக்குப் போடும் 20 கிராம் மாவில் வருவது சுமார் 70 மில்லிகிராம், அதாவது கால் கிளாஸ் பாலில் உள்ள அளவு. அதிலும் முழுவதும் உடலில் சேராது. ஆகவே இதை ஒரு பங்காகக் கணக்கெடுக்கலாம், முழுத் தேவைக்கும் இதை நம்பியிருக்க முடியாது. சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்கு, கோதுமை அரைக்கும் மில்லிலேயே குரக்கனையும் அரைத்து வாங்கக் கூடாது.

*கொத்தமல்லி, பெலிமல்:* பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. வெதுவெதுப்பான, மணமான பானம் பிடித்த பிள்ளைக்கு இவை தண்ணீருக்கு வேறொரு வடிவம்; சத்துக்காக இவற்றை நம்ப முடியாது.

*மோல்ட் பானங்கள்:* ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட், மைலோ மூன்றிலும் பார்லி மோல்ட்டும் பாலும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் பார்லியிலும் இருக்கிறது. வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாலும் பத்தியம் முறிந்ததுதான்.

*பிளேன்டீ:* தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கும் பழக்கம் உண்டு. தேயிலையிலுள்ள டனின், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். ஏற்கெனவே அளந்து சாப்பிடும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

*போத்தல் பானங்கள்:* இலங்கையில் 2016 முதல் இவற்றில் சீனியின் அளவு நிற வட்டத்தால் காட்டப்படுகிறது. 100 மி.லீ.க்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள 200 மி.லீ. போத்தல் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி போகும். பல் துலக்கவே விடாத பிள்ளை அதை நாள் முழுக்க உறிஞ்சினால் பல் சொத்தையாகும்.

5. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

தண்ணீரோடு தண்ணீரை மெல்ல மாற்றுவதைத் தவிர, பிள்ளை இப்போது நம்பிக் குடிக்கும் பானத்தில் எதையும் ஒளித்துக் கலக்கக் கூடாது. கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பானத்தையும் கைவிட்டுவிடும். இருந்த ஒன்றும் போய்விடும். புதியதை வேறு கோப்பையில், வேறு நேரத்தில், "இது குரக்கன்" என்று சொல்லியே வைக்க வேண்டும். பழைய பானம் பழையபடியே கிடைக்கட்டும்.

புதியது பழையதுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். சூடான, பழுப்பு நிற மோல்ட் பானத்துக்குப் பழகிய பிள்ளைக்குக் குளிர்ந்த வெள்ளைச் சோயாப்பால் வெகுதூரம். வறுத்த குரக்கன் கஞ்சி கிட்டம்.

அதைச் செய்வது இப்படி. இரண்டு மேசைக்கரண்டி மாவை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட வேண்டும். பச்சைத் தண்ணீரில் கட்டி விழாமல் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். சுடுநீரில் நேரே போட்டால் உருண்டை உருண்டையாகிவிடும். மெல்லிய தீயில் கை விடாமல் கிண்டி வேகவைத்து, துணியில் இரண்டு தடவை வடித்து, கித்துள் பாணி சில துளி சேர்க்கலாம். ஆற ஆற இறுகும் என்பதால், கொடுக்கும் நேரத்தில் வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டும். மேலே படியும் ஆடையைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். உதட்டில் அது பட்ட நொடியில் கோப்பை பறந்துவிடும்.

முதல் நாளே குடிக்க வேண்டியதில்லை. மேசையில் இருக்கட்டும், பிறகு மணக்கட்டும், விரல் நுனியால் தொடட்டும், நக்கட்டும், ஒரு வாய் குடிக்கட்டும். சாதாரணப் பிள்ளைகளுக்கே ஒரு புதுச் சுவை பழகப் பத்துப் பதினைந்து தடவை தேவைப்படும். இங்கே இன்னும் கூடலாம். வாயைப் பிடித்து ஊற்றினால் அதுவரை ஏறிய படிகளெல்லாம் வீண்.

6. கோப்பையும் வெளியிடமும்

பிள்ளை ஒரே கோப்பையில்தான் குடிக்கும் என்றால், கடையில் அது கிடைக்கும்போதே இன்னும் இரண்டு, மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் பாவிப்பது நல்லது. அப்போது எல்லாம் ஒரே அளவில் தேயும். ஒன்று உடைந்தாலும் அந்நியமான புதுக் கோப்பை திடீரென்று முன்னால் வராது.

மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர் வீதிக்கு வரும் நாளில், வெயிலும் கூட்டமும் மேளமும் சேர்ந்து பிள்ளையைத் திணறடிக்கும். யாராவது அன்போடு மோரோ சர்பத்தோ நீட்டுவார்கள். வீட்டுத் தண்ணீரும் வீட்டுக் கோப்பையும் பையில் இருக்க வேண்டிய நாள் அது. பாடசாலைக்கும் உறவினர் வீட்டுக்கும் ஒரு சின்னத் துண்டில் எழுதிக் கொடுக்கலாம்: "பால், தயிர், மோல்ட் வேண்டாம். இந்தக் கோப்பையில் வெதுவெதுப்பான தண்ணீர். வற்புறுத்த வேண்டாம்."

7. விடுபட்டதை நிரப்புதல்

பழமும் மரக்கறியும் அறவே தொடாத ஓட்டிசப் பிள்ளைகளில் சிலர், கால் வலி என்று நடக்க மறுத்து ஆஸ்பத்திரிக்கு வந்து, கடைசியில் விற்றமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்று கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளைக்குச் சொல்லியே, தனிக் கோப்பையில் தேசிக்காய்ச் சாறு சில துளிகளில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டலாம். கொதிக்கும் பானத்தில் விட்டால் விற்றமின் அழியும். ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, கீரை ஆகியவை கைகொடுக்கும். அவையும் இறங்காவிட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் கல்சியம் மருந்து.

வயிற்றோட்டக் காலத்துக்கும் முன்கூட்டியே தயாராக வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் நீரேற்றக் கரைசலான ஜீவனியின் உப்புச் சுவையை நோய் வந்த அன்றுதான் முதன்முதலாகக் காட்டினால் பிள்ளை துப்பிவிடும். அது எந்தச் சூட்டில், எந்தக் கோப்பையில், எந்தக் கரண்டியில் இறங்கும் என்பதைச் சுகமாக இருக்கும்போதே ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்துவைக்கலாம். பொதியில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகச் சீனி சேர்க்கக் கூடாது.

8. எப்போது, எங்கே போவது

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, வாய் காய்வது, அழுதாலும் கண்ணீர் வராமல் போவது, கண் குழிவது, எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுவது: இவற்றில் எது தெரிந்தாலும் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும். குடிக்கும்போதெல்லாம் இருமுகிற, புரையேறுகிற பிள்ளையைப் பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்க வேண்டும். அது விழுங்குவதில் உள்ள சிக்கலாக இருக்கலாம்.

அவசரமில்லாத ஆலோசனைக்கு முதல் வாசல், அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கும்தான். அங்கிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், தேவைப்பட்டால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். போகும்போது பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் பானக் கொப்பியையும் கொண்டுபோக வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இந்தப் பத்தியம் கட்டாயம் தேவையா? எத்தனை மாதம் கழித்து மீண்டும் பரிசோதிப்பீர்கள்? நிறைக் கோடு கீழே இறங்குகிறதா? கல்சியம், இரும்பு, விற்றமின் டி மருந்து வேண்டுமா? மருந்து எழுதினால், அது பாணியா, குளிசையா, என்ன வாசனை, எதில் கலக்கலாம், எதில் கலக்கக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டால், வீட்டுக்கு வந்தபின் பிள்ளை நம்பிக் குடிக்கும் பானத்தில் அதைக் கலக்க வேண்டிய நிலை வராது.