குளிர்காலக் கடலில் ஒரு தூண்டில்

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். தூண்டில் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நூலின் நுனியில் முள், அதற்கு மேலே ஈயக்குண்டு, முள்ளில் ஓர் இறால். வீசினால் குண்டு பறக்கும். நூல் அதன் பின்னே ஓடும். விலங்கியல் வகுப்புக்காக அமெரிக்காவின் புளோரிடாக் கடல் மீன்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, இதற்கு நேர்மாறான தூண்டில் ஒன்று உண்டு என்று அறிந்தேன்.

‘பிளை’ என்பது அதன் இரை. முள்ளின்மேல் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பொய் இரை. பெயர்தான் ஈ, கடலில் அது பெரும்பாலும் இறாலையோ நண்டையோ ஒத்திருக்கும். அதற்கு எடையே இல்லை எனலாம். எடையற்ற பொருளை எறிவது எங்ஙனம்? எடை நூலிலே இருக்கிறது! எட்டாம் எண் நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 13.6 கிராம். கோலைப் பின்னே வீசி, நூல் முதுகுப்புறம் முழுதும் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே வீச வேண்டும். நூலின் எடை கோலை வில்லாக வளைக்கும். கோல் நிமிர, நூல் பறக்கும். பிளை அதன் வாலாகச் செல்லும். பொறுமையற்றவனுக்கு எல்லாம் காலடியில் விழும். விடுதித் திடலில் மூங்கில் கழியும் கயிறும் கொண்டு நான் செய்து பார்த்தேன். அகப்பட்டது என் காது.

1947இல் ஜோ புரூக்ஸ் என்பவர், படகோட்டி ஜிம்மி ஆல்பிரைட்டின் துணையுடன், போன்பிஷ் என்னும் மீனைப் பிளையால் பிடித்துக் காட்டினார். அதன் பிறகு புளோரிடா கீஸ் தீவுகளில் இக்கலை பரவிற்று. முழங்கால் அளவு நீரில் தலை கவிழ்ந்து மேயும் அம்மீனின் வால் நீருக்கு மேலே மின்னும்; அதைக் கண்டு வீச வேண்டும்.

குளிர்காலத்தில்தான் பாடம் கடினமாகிறது. டில்லிக் குளிரில் நாம் கம்பளிக்குள் புகுகிறோம். மீனுக்குக் கம்பளி ஏது? நீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். நீர் குளிர்ந்தால் செரிமானம் தளரும். இரை எதிரே வந்தாலும் தீண்டாது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியதும் ஆழமற்ற நீர் விரைவில் குளிர்ந்துவிடும். போன்பிஷ் ஆழமான கால்வாய்க்குப் போய்விடும். ஆகவே அங்குள்ளோர் வெப்பமானியோடு செல்கின்றனர். 21 பாகை செல்சியசுக்குக் கீழே என்றால் நம்பிக்கை குறைவு. விடியற்காலையில் போவது வீண். வெயிலில் சேற்றுத் தரையும் கடற்புல்லும் சூடேறிய பிற்பகலில், கடல் ஏறும்போது மீன் திரும்பி வரும்.

இவற்றை என் தந்தையாருக்குத் தொலைபேசியில் விவரித்தேன். 2013 முதல் புளோரிடாவில் போன்பிஷ்ஷைப் பிடித்தவுடன் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம் என்றேன். “திரும்ப விடுறதுக்கா இவ்வளவு பாடு?” என்று சிரித்தார்.

பிறகு 2010 ஜனவரியைப் பற்றிச் சொன்னேன். பல நாள் தொடர்ந்த குளிரில் புளோரிடா விரிகுடாவின் நீர் 10 பாகைக்கும் கீழே இறங்கிற்று. ஸ்னூக் என்னும் மீன்கள் திரள்திரளாக மடிந்து மிதந்தன. கரையோரப் பவளங்களும் மாண்டன. ஸ்னூக் மீனை எடுத்துச் செல்வதை அரசு தடுத்தது. மேற்குக் கரையில் அத்தடை 2013 செப்டம்பர் வரை நீடித்தது.

தந்தையார் இப்போது சிரிக்கவில்லை. “ஏன், ஆழத்துக்குப் போகலையா?” என்றார். கடலறிந்தவர் கேட்கும் கேள்வி அது. அவ்விரிகுடா மிகப் பரந்தது. ஆழமோ சில அடிகளே. குளிர் பரவிய வேகத்திற்கு மீனால் நீந்த முடியவில்லை. ஆழ்ந்த கால்வாயை எட்டியவை பிழைத்தன என்றேன்.

“அப்ப வழியிலேயே செத்திருக்கு” என்றார் அவர்.